கண்குழிக் கட்டி அறுவைக்குப் பிறகு விழித்திரை ரத்தக்குழாய்ச் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணுக்குப் பின்னாலோ பக்கத்திலோ எலும்புக் குழிக்குள் வளரும் கட்டியை எடுத்த பிறகு, விழித்திரைக்குப் போகும் அல்லது அங்கிருந்து திரும்பும் ரத்தக்குழாய்கள் அடைபடுவது அரிது. வந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள்ளேயே பார்வை போய்விடும். அறுவைக்குத் தயாராகிறவர்கள், அவர்களோடு இருந்து கவனிப்பவர்கள், வார்டில் இரவுப் பணி பார்க்கும் இளம் மருத்துவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடைகள். மருந்தளவுகள் மருத்துவர்களுக்கானவை, வீட்டில் யாரும் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கட்டி கண்ணுக்கு வெளியே இருக்கிறது. விழித்திரையோ கண்ணுக்குள் இருக்கிறது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று ஏன் பாதிக்கப்பட வேண்டும்?

விழித்திரைக்கான ரத்தம் முழுவதும் கண்குழி வழியாகத்தான் வருகிறது. மூளைக்குப் போகும் உட்புறக் கழுத்துத் தமனியிலிருந்து கண் தமனி பிரிந்து, பார்வை நரம்பு வரும் அதே எலும்புக் கால்வாய் வழியாகக் கண்குழிக்குள் நுழைகிறது. அதிலிருந்து பிரியும் மைய விழித்திரைத் தமனி, கண்ணுக்குச் சுமார் 1 செ.மீ. பின்னால், நரம்பின் கீழ்ப்புறமாக உறையைத் துளைத்து உள்ளே போகிறது. விழித்திரையின் உட்பக்க அடுக்குகளுக்கு இந்த ஒரே தமனிதான். பெரும்பாலானவர்களுக்குப் பக்கத்துக் குழாய் எதுவும் உதவிக்கு வராது. வெளிப்பக்க அடுக்குகள் கோராய்டு என்னும் ரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து வாங்கிக்கொள்கின்றன. கோராய்டுக்கு ரத்தம் கொடுக்கும் குட்டைப் பின்தமனிகள் 10 முதல் 20 வரை பார்வை நரம்பைச் சுற்றி வளையமாகக் கண்ணுக்குள் நுழைகின்றன.

வயது வந்தவரின் கண்குழி மொத்தமே ஏறத்தாழ 30 மில்லி கொள்ளளவுதான். அதில் கண் மட்டும் சுமார் 7 மில்லி. மீதி இடத்தில் கொழுப்பு, தசைகள், நரம்புகள், கண்ணீர்ச் சுரப்பி, எல்லாவற்றுக்கும் நடுவில் கட்டி. இவ்வளவு நெருக்கடியில் ஒன்றை நகர்த்தாமல் மற்றொன்றை எடுக்க முடியாது.

என்னென்ன வகைச் சிக்கல்கள் வரலாம்?

மைய விழித்திரைத் தமனி அடைப்பு. இதில் பார்வை திடீரென்று, வலியில்லாமல் போகும். விழித்திரை வெளுத்து, நடுவில் செர்ரிப் பழம்போல் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும்.

கண் தமனியே அடைபட்டால் விழித்திரை, கோராய்டு இரண்டுக்கும் ரத்தம் நின்றுவிடும். பெரும்பாலும் வெளிச்சம்கூடத் தெரியாது. சிவப்புப் புள்ளியும் இருக்காது, ஏனென்றால் அந்தச் சிவப்பைக் கொடுப்பதே பின்னால் ஓடும் கோராய்டு ரத்தம்தான்.

மைய விழித்திரைச் சிரை அடைப்பில் ரத்தம் வரும், திரும்பிப் போகாது. சிரைகள் புடைத்து வளைந்து, விழித்திரையின் நான்கு பகுதிகளிலும் ரத்தத் திட்டுகள் தெரியும்; மாகுலாவில் (கூர்மையான நடுப்பார்வை தரும் விழித்திரை மையத்தில்) நீர் கோக்கும். தமனி, சிரை இரண்டும் சேர்ந்தே அடைபடுவதும் உண்டு. பார்வை போவதில் அதுதான் மிக மோசமான கூட்டு.

குட்டைப் பின்தமனிகளில் ஒன்றிரண்டு மட்டும் அறுபட்டாலோ நசுங்கினாலோ கோராய்டில் ஆப்பு வடிவத்தில் ஒரு பகுதி ரத்தமிழக்கும். அது மாகுலாவுக்கு வெளியே என்றால் நோயாளி கவனிக்காமலே போகலாம். சில வாரங்களில் அங்கே நிறமித் தழும்பு தெரியும்.

அறுவையின்போது உண்மையில் என்ன நடந்து அடைப்பு ஏற்படுகிறது?

குழாய் வெட்டுப்படுவதால் என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்கக்கூடியதுதான், ஆனால் பெரும்பாலான நேரங்களில் காரணம் வேறு.

முதல் காரணம் இழுவை. ஆழத்தில் இருக்கும் கட்டியைப் பார்க்க, கண்ணையும் கொழுப்பையும் ரிட்ராக்டரால் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். கண்குழிக்குள் பார்வை நரம்பின் நீளம் 25 முதல் 30 மி.மீ.; கண்ணின் பின்புறத்திலிருந்து எலும்புக் கால்வாய் வரை உள்ள தூரம் 20 மி.மீ.க்கு ஒட்டித்தான். அதனால் நரம்பு லேசாக வளைந்து, தளர்வாக இருக்கிறது. கட்டி ஏற்கெனவே கண்ணை முன்னே தள்ளியிருந்தால் அந்தத் தளர்வு தீர்ந்துபோயிருக்கும். அப்போது ரிட்ராக்டரின் சின்ன இழுப்பும் நேராகத் தமனியின் மேல் விழும். குழாய் நீண்டு, உள்விட்டம் குறுகி, சுவர்த்தசை சுருங்கிக்கொள்ளும். இந்தச் சுருக்கம் ரிட்ராக்டரை எடுத்த பிறகும் சிறிது நேரம் நீடிக்கலாம்.

இரண்டாவது அழுத்தம். ரிட்ராக்டர் கண்ணின் மேல் சாய்ந்தால் கண்ணுக்குள் அழுத்தம் உயரும். விழித்திரைக்குள் ரத்தம் நுழையத் தேவையான விசை, தமனி அழுத்தத்திலிருந்து கண் அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது. ரத்தக்கசிவைக் குறைக்க மயக்க மருந்து நிபுணர் ரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே இறக்கி வைத்திருக்கும் நேரத்தில், அறுவை செய்பவர் கண்ணை அழுத்தினால் இரு பக்கமும் சேர்ந்து விசை பூஜ்யத்தை நெருங்கிவிடும். தனித்தனியே பார்த்தால் இருவர் செய்ததும் சரியானதுதான், சேர்ந்ததால் ஆபத்து. ஆகவே ஆழ்ந்த இழுவை தேவைப்படும் நிமிடங்களில் ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்ல அறுவைக் கூடத்தின் வழக்கம்.

மூன்றாவது சூடு. நரம்புக்குப் பக்கத்தில் கசியும் சிறு குழாயை பைபோலார் (இருமுனை) மின்கருவியால் தீய்க்கும்போது, பக்கத்திலிருக்கும் பின்தமனிகளும் சுருங்கி மூடிக்கொள்ளலாம். ஒற்றைமுனை மின்கருவியைக் கண்குழியின் ஆழத்தில் பயன்படுத்தவே கூடாது.

நான்காவது, அறுவை முடிந்த பின் வரும் ரத்தக்கசிவு. கண்குழியின் நாலு புறமும் எலும்பு. முன்புறம் இமைகளும் அவற்றை எலும்போடு கட்டிவைக்கும் தசைநார்களும். உள்ளே ரத்தம் சேர்ந்தால் விரிய இடமில்லை. அழுத்தம் ஏற ஏற, முதலில் சிரை மூடும், பிறகு தமனி. கட்டியை எடுத்த வெற்றிடம் இதற்கு ஓரளவு இடம் கொடுக்கும் என்பது உண்மை, ஆனால் அதை நம்பி இருந்துவிட முடியாது.

கடைசியாக, அறுவைக்குப் பின் போடும் இறுக்கமான கட்டு. ரத்தம் கசியாமல் இருக்க என்று இறுக்கிக் கட்டினால் கண் அழுத்தம் உயரும். அதைவிட மோசம், கட்டைப் பிரிக்காமல் பார்வையைச் சோதிக்க முடியாது.

எந்தக் கட்டிகளில் ஆபத்து அதிகம்?

கட்டியின் பெயரைவிட அது இருக்கும் இடம் முக்கியம். கண்ணை அசைக்கும் நான்கு நேர்த்தசைகள் சேர்ந்து ஒரு கூம்பு போல் இருக்கின்றன. கூம்புக்கு வெளியே, முன்பக்கத்தில் இருக்கும் தோல்நீர்க்கட்டி, கண்ணீர்ச் சுரப்பிக் கட்டி ஆகியவற்றில் விழித்திரைத் தமனிக்கு ஆபத்து மிகக் குறைவு. கூம்புக்குள், அதிலும் நரம்புக்கு உட்புறமாகவோ கீழ்ப்புறமாகவோ இருந்தால் அதிகம். கூம்பின் நுனியில் இருந்தால் மிக அதிகம். அங்கே எல்லாமே மில்லிமீட்டர் கணக்கில் நெருங்கிக் கிடக்கிறது.

பெரியவர்களில் கூம்புக்குள் அடிக்கடி காணப்படுவது கேவர்னஸ் ஹெமஞ்சியோமா என்னும் தீங்கற்ற ரத்தக்குழாய்க் கட்டி. இதற்கு நல்ல உறை உண்டு. கிரையோ முனையால் உறைய வைத்துப் பிடித்து, கட்டியைத்தான் இழுக்க வேண்டும், நரம்பை அல்ல. நுனியில் நரம்போடு ஒட்டிக்கொண்டிருந்தால் கதை மாறும். பார்வை நரம்பின் உறையிலிருந்தே வளரும் நரம்பு உறை மெனிஞ்சியோமா இன்னும் வேறு வகை: அது நரம்பை ஒட்டி மூடும் மென்படலத்தின் ரத்தக்குழாய்களையே பகிர்ந்துகொள்வதால், முழுவதும் உரித்தெடுக்க முயன்றால் பார்வை பெரும்பாலும் போய்விடும். அதனால்தான் பார்வை இருக்கும்வரை அதற்குக் கதிர்வீச்சையே முதலில் யோசிக்கிறார்கள்.

எத்தனை பேருக்கு வருகிறது?

எல்லாக் கண்குழி அறுவைகளையும் சேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்புகளில், பார்வை முழுவதும் போனவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இந்தச் சராசரியைக் கேட்டு நிம்மதி அடைவதும் தவறு, பயப்படுவதும் தவறு. இமைக்கு அருகில் உள்ள கட்டியும் நரம்பு நுனிக் கட்டியும் ஒரே கணக்கில் சேர்ந்திருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி: "என் கட்டி இருக்கும் இடத்துக்கு, இந்த வழியாகப் போனால், ஆபத்து எவ்வளவு?"

அறுவை முடிந்து விழித்ததும் கண் மங்கலாக இருக்கிறது. எது சாதாரணம்?

கண்ணுக்குள் போட்ட களிம்பு, வீங்கிய இமை, கருவிழியில் சிறு சிராய்ப்பு ஆகியவை எல்லாம் மங்கலாக்கும். கட்டியின் அழுத்தம் நீங்கியதும் கண்ணின் வடிவம் மாறி, பழைய கண்ணாடி பொருந்தாமலும் போகும். இந்த மங்கல்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு: டார்ச் வெளிச்சம் நன்றாகத் தெரியும், விரல்களை எண்ண முடியும்.

வெளிச்சமே தெரியவில்லை, அல்லது விழித்தபோது தெரிந்தது இப்போது குறைகிறது, அல்லது பாதிப் புலம் திரை போட்டதுபோல் மறைகிறது என்றால் உடனே சொல்ல வேண்டும். கண் கல்போல் இறுகுவது, வலி ஏறிக்கொண்டே போவது, வாந்தி, இமை பிதுங்கி வெளியே தள்ளுவது ஆகியவை உள்ளே ரத்தம் சேர்வதன் அடையாளங்கள். ஆனால் தூய தமனி அடைப்பில் வலியே இருக்காது. "வலிக்கவில்லை, அதனால் காலையில் சொல்லிக்கொள்ளலாம்" என்று விடுவதில்தான் பல கண்கள் போகின்றன.

வார்டில் பார்வையை எப்படி, எவ்வளவு அடிக்கடி சோதிக்க வேண்டும்?

மயக்கம் தெளிந்து கேள்விக்குப் பதில் சொல்லும் நிலை வந்தவுடன் முதல் சோதனை, அறுவைக் கூடத்து மீட்பு அறையிலேயே. அதன்பிறகு கூம்புக்குள் செய்த அறுவைகளுக்கு முதல் சில மணி நேரம் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, பின்னர் முதல் இரவு முழுவதும் மணிக்கு ஒருமுறை என்பது நியாயமான ஏற்பாடு. நோயாளி தூங்குகிறார் என்று விட்டுவிடக் கூடாது. தூங்கும்போதுதான் கவனிக்க ஆளில்லாமல் போகும்.

இமை மூடியே இருந்தாலும் பளிச்சென்ற டார்ச்சை இமைமேல் காட்டினால் பார்வை உள்ள கண் அதை உணரும். மறு கண்ணை உள்ளங்கையால் நன்றாக மூட வேண்டும். விரல் இடுக்கு வழியாக நல்ல கண் பார்த்துச் சொல்லிவிடும் ஏமாற்று அடிக்கடி நடக்கிறது. "தெரிகிறதா?" என்று கேட்காமல், டார்ச்சை ஏற்றியும் அணைத்தும் "இப்போது எரிகிறதா, இல்லையா?" என்று கேட்டால் ஊகிப்பது குறையும்.

அடுத்து கண்பாவை. டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு ஊசலாட்டிப் பார்க்கும்போது, அறுவை செய்த கண்ணில் வெளிச்சம் விழுந்ததும் பாவை சுருங்காமல் விரிந்தால் நரம்போ விழித்திரையோ பழுது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெளிப்பக்கமாகப் போன அறுவையில், பார்வை நரம்புக்கும் வெளி நேர்த்தசைக்கும் நடுவிலுள்ள சிலியரி நரம்பு முடிச்சு அடிபட்டு, பாவை விரிந்தபடி நின்றுவிடலாம். பார்வை நன்றாகவே இருக்கும். அப்போது அந்தப் பாவையைப் பார்த்துப் பயனில்லை. அறுவை செய்த கண்ணில் வெளிச்சம் அடித்து, மறு கண்ணின் பாவை சுருங்குகிறதா என்று பாருங்கள். சுருங்கினால் செய்தி மூளைக்குப் போகிறது. எளிய சோதனை, ஆனால் அநாவசியமாக அறுவைக் கூடத்துக்கு ஓடுவதையும், ஓட வேண்டிய நேரத்தில் ஓடாமல் இருப்பதையும் இதுவே தடுக்கும்.

மூடிய இமைமேல் விரலால் மெல்லத் தொட்டு இரு கண்களின் இறுக்கத்தையும் ஒப்பிடுங்கள். கருவி இருந்தால் அழுத்தத்தை எண்ணாகக் குறியுங்கள். இயல்பு 10 முதல் 21 மி.மீ. பாதரசம். ஒவ்வொரு சோதனைக்கும் நேரத்தோடு குறிப்பு வேண்டும். பார்வை எந்த நேரம் வரை இருந்தது என்று தெரியாவிட்டால் பிற்பாடு எந்த முடிவையும் எடுக்க முடியாது.

பின்புறம் ரத்தம் சேர்கிறது என்று தோன்றினால் என்ன வரிசையில் செய்வது?

முதலில் ஸ்கேனுக்கு அனுப்பாதீர்கள். கண் இறுகியிருக்கிறது, பார்வை குறைகிறது, பாவை சரியாக இல்லை என்றால் நோயறிதல் அங்கேயே முடிந்துவிட்டது. சிடி அறைக்குப் போய்வரும் நேரம்தான் விழித்திரையிடம் இருக்கும் மொத்த நேரமாக இருக்கலாம்.

கட்டைப் பிரித்து எடுங்கள். அறுவைக் காயத்தின் தையல்களைப் படுக்கையிலேயே திறந்து, தேங்கிய ரத்தத்தை வெளியேற விடுங்கள். வடிகுழாய் இருந்தால் அது அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வடிகுழாய் காலியாக இருப்பது உள்ளே ரத்தம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது, உறைந்த ரத்தம் அதன் துளைகளை மூடியிருக்கலாம்.

இது போதாவிட்டால் இமையின் வெளி மூலையைத் திறக்க வேண்டும். 1 முதல் 2 மில்லி அட்ரினலின் கலந்த லிக்னோகைன் போட்டு, மூலையை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் கவ்வி, எலும்பு விளிம்பு வரை சுமார் 1 செ.மீ. வெட்டவும். இது மட்டும் செய்துவிட்டு நிறுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. அழுத்தத்தை உண்மையில் இறக்குவது அடுத்த வெட்டு: கீழ் இமையை முன்னே இழுத்துப் பிடித்து, கத்தரியின் முனையைக் கீழ்நோக்கி வைத்து, எலும்போடு கட்டியிருக்கும் தசைநாரின் கீழ்க்கிளையை அறுக்க வேண்டும். அறுபட்டதும் கீழ் இமை தளர்ந்து கண்ணிலிருந்து எளிதாக விலகும். விலகவில்லை என்றால் அறுபடவில்லை. அழுத்தம் இன்னும் 40 மி.மீ.க்கு மேல் நின்றால் மேற்கிளையையும் அறுக்கலாம்.

கைகள் இதைச் செய்யும்போதே இன்னொருவர் மருந்தைத் தொடங்க வேண்டும்: அசிட்டசோலமைடு 500 மி.கி. சிரை வழியே, 20 சதவீத மானிட்டால் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 கிராம் என்று 30 முதல் 60 நிமிடத்தில், டைமொலால் சொட்டு. சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, இதயம் பலவீனம், ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தலையணையை 30 முதல் 45 பாகை உயர்த்துங்கள். மருந்து கொடுத்துவிட்டோம் என்று வெட்டைத் தள்ளிப்போடக் கூடாது. மருந்து கண்ணின் உள் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், வெளியே அமுக்கும் ரத்தத்தை அசைக்காது. பின்னர் அறுவைக் கூடம்: கசியும் குழாயைக் கண்டு அடைப்பது. பக்க எலும்புத் துண்டைத் திரும்பப் பொருத்தியிருந்தால் அதை எடுத்துவிட வேண்டியிருக்கலாம்.

இமை மூலை வெட்டு பின்னால் நன்றாக ஆறும். தேவைப்பட்டால் ஒரு வாரம் கழித்துத் தைத்துக்கொள்ளலாம். தழும்புக்குப் பயந்து காத்திருப்பதில் அர்த்தமில்லை.

விழித்திரைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

அமெரிக்காவின் அயோவாவில் சோகன் சிங் ஹேரே குரங்குகளில் மைய விழித்திரைத் தமனியைக் கவ்வி மூடிச் செய்த ஆய்வுகளில், சுமார் 97 நிமிடம் வரை நிரந்தரப் பாதிப்பு தெரியவில்லை. 240 நிமிடத்தில் பேரழிவு. இதிலிருந்துதான் "90 நிமிடம்" என்ற பேச்சு வந்தது. ஆனால் அந்த ஆய்வில் கோராய்டு ஓட்டம் நன்றாக இருந்தது, தமனி ஒன்று மட்டுமே மூடப்பட்டது. அறுவைக்குப் பின் வரும் அழுத்தத்தில் கோராய்டும் நரம்பும் சேர்ந்தே பட்டினி கிடக்கும், ஆகவே அவகாசம் அதைவிடக் குறைவு என்றே நினைத்துச் செயல்பட வேண்டும். மறுபுறம், அடைப்பு முழுமையாக இல்லாமல் சொட்டுச் சொட்டாக ரத்தம் போய்க்கொண்டிருந்தால் அவகாசம் நீளும். எந்த நிலை என்று வெளியிலிருந்து தெரியாது. மணிக்கணக்கு கடந்துவிட்டது என்பதால் மட்டும் அழுத்தத்தை இறக்காமல் விடுவது சரியல்ல.

ரத்தம் சேரவில்லை, கண் மிருதுவாக இருக்கிறது, ஆனால் தமனி அடைபட்டிருக்கிறது. அப்போது என்ன சிகிச்சை?

உறுதியாகப் பார்வையைத் திருப்பித் தரும் சிகிச்சை ஒன்றும் இல்லை.

கண் அழுத்தத்தைக் குறைத்து ரத்தத்தை உள்ளே வரவைக்க முயல்வது வழக்கம்: மேற்சொன்ன மருந்துகள், கண்ணின் முன்னறையிலிருந்து ஊசியால் 0.1 முதல் 0.2 மில்லி நீரை எடுப்பது. உயர் அழுத்த ஆக்சிஜன் அறை அருகில் இருந்து சில மணிக்குள் ஏற்பாடு செய்ய முடிந்தால் கருதலாம், பலன் உறுதியில்லை. கண்ணை விரலால் பிசைந்து விடுவது பழைய முறை. புதிதாக அறுவை செய்த கண்குழியில் அது மீண்டும் ரத்தக்கசிவைத் தூண்டலாம் என்பதால் இங்கே தவிர்ப்பதே நல்லது. இழுவையால் குழாய் சுருங்கியதாகச் சந்தேகம் என்றால் உடனே செய்ய வேண்டியது ரிட்ராக்டரைத் தளர்த்துவதும் ரத்த அழுத்தத்தை இயல்புக்குக் கொண்டுவருவதும். அறுவையின் நடுவிலேயே கண்டுபிடிக்கப்பட்டால் மட்டுமே இது பலிக்கும்.

பக்கவாதத்துக்குக் கொடுப்பதுபோல் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமே?

இரண்டு தடைகள். புதிய அறுவைக் காயம் உள்ளவருக்கு அந்த மருந்து கண்குழிக்குள்ளேயே கட்டுக்கடங்காத ரத்தக்கசிவை உண்டாக்கும். மூளையை ஒட்டிப் போன அறுவை என்றால் உயிருக்கே ஆபத்து. அடுத்தது, இழுவையாலும் அழுத்தத்தாலும் மூடிய குழாயில் கரைக்க ரத்தக்கட்டி இருப்பதே சந்தேகம். அறுவை செய்யாத சாதாரண தமனி அடைப்பில்கூட, குழாய் வழியே நேரடியாக மருந்து செலுத்திப் பார்த்த ஐரோப்பிய ஈகிள் ஆய்வு (2010) வழக்கமான சிகிச்சையைவிடப் பார்வையில் மேம்பாடு காட்டவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின.

விழித்திரையைப் பார்த்தால் இயல்பாக இருக்கிறதாம். ஆனால் பார்வை இல்லை. எப்படி?

இரண்டு வாய்ப்புகள். ஒன்று, நேரம் போதவில்லை: தமனி அடைபட்டாலும் வெளுப்பு கண்ணுக்குத் தெரிய சில மணி நேரம் பிடிக்கும். இன்னொன்று, கண்ணுக்கு வெகு பின்னால் நரம்பின் சொந்தக் குழாய்கள் பட்டினி கிடப்பது. அப்போது விழித்திரையும் நரம்பு முனையும் ஆரம்பத்தில் இயல்பாகவே இருக்கும். நான்கு முதல் ஆறு வாரங்களில் நரம்பு முனை வெளுத்துவிடும்.

பிரித்தறிய ஃப்ளோரசின் ஆஞ்சியோகிராம் உதவும். கையில் போட்ட சாயம் சாதாரணமாக 10 முதல் 15 விநாடிக்குள் விழித்திரைத் தமனியில் தெரியும். தாமதமானால் தமனியில் தடை. கோராய்டிலும் திட்டுத்திட்டாக இருள் இருந்தால் பின்தமனிகளும் சேர்த்தி. விழித்திரையை ஒளியால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் இன்னும் எளிது: உட்பக்க அடுக்குகள் தடித்து, வெள்ளையாகப் பளிச்சிட்டால் தமனி அடைப்பு, பழையதானால் அதே அடுக்குகள் மெலிந்திருக்கும். அடைப்பு தானாகத் திறந்துகொண்ட பிறகு ஆஞ்சியோகிராம் இயல்பாகிவிடும், ஓசிடி மட்டும் நடந்ததைச் சொல்லும். நரம்பு உறைக்குள் ரத்தம், மிச்சக் கட்டி, எலும்புத் துண்டு இருக்கிறதா என்று பார்க்க அவசரம் தணிந்தபின் சிடி அல்லது எம்ஆர்ஐ.

சிரை அடைப்பு என்றால் வழி வேறா?

ஆம், இதில் செய்வதற்கு நிறைய இருக்கிறது. மாகுலாவில் நீர் கோத்து பார்வை குறைந்திருந்தால், கண்ணுக்குள் போடும் ஊசிகள் நன்றாக வேலை செய்யும்: ரானிபிசுமாப் 0.5 மி.கி., அஃப்லிபெர்செப்ட் 2 மி.கி., அல்லது பெவாசிசுமாப் 1.25 மி.கி.; ஒவ்வொன்றும் 0.05 மில்லியில். ஆரம்பத்தில் மாதம் ஒன்று, பிறகு ஓசிடி பார்த்து இடைவெளியை நீட்டலாம். ஒரே ஊசியில் முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதலில், சிரையை இன்னும் ஏதாவது அமுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்; அமுக்கம் இருக்கும்வரை ஊசி நீரை வற்றவைக்கும், மறுபடி ஊறும்.

போன பார்வை திரும்புமா?

தமனி முழுமையாக அடைபட்டு மணிக்கணக்கில் நீடித்திருந்தால், நடுப்பார்வை பயன்படும் அளவுக்குத் திரும்புவது அரிது. விதிவிலக்கு, சிலருக்கு இயற்கையாகவே கோராய்டுப் பக்கத்திலிருந்து மாகுலாவுக்கு வரும் ஒரு கூடுதல் தமனி. அது மாகுலாவின் நடுப்பகுதிக்கு ரத்தம் கொடுத்தால், சுற்றுப் பார்வை போனாலும் எழுத்துப் படிக்க முடியும். வெறும் சுருக்கத்தால் குறுகிய நேரம் மூடிய தமனியிலும் நல்ல மீட்சி உண்டு. முதல் வாரத்தில் கைவிரல் எண்ணும் அளவுக்குப் பார்வை இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடலாம். முதல் நாளிலிருந்தே வெளிச்சம் தெரியாத கண்ணில் நம்பிக்கை கொடுப்பது நேர்மையல்ல.

பார்வை ஏற்கெனவே போய்விட்டது. இனி எதற்குத் தொடர் பரிசோதனை?

ரத்தமில்லாத விழித்திரை, புதுக்குழாய்களை வளரச் சொல்லும் வேதிப்பொருளை வெளியிடும். அந்தக் குழாய்கள் ஐரிஸிலும் (பாவையைச் சுற்றியுள்ள நிறப்படலம்) கண்நீர் வெளியேறும் கோணத்திலும் படர்ந்து, அழுத்தம் ஏறி, வலி தாங்காத கிளாகோமாவில் முடியும். பார்வையில்லாத கண்ணையே எடுக்க வேண்டிய நிலை இதனால்தான் வருகிறது, அதுவும் தடுக்கக்கூடியது. தமனி அடைப்பில் பெரும்பாலும் முதல் மூன்று, நான்கு மாதங்களுக்குள் இது தலைகாட்டும். கடுமையான சிரை அடைப்பிலும் முதல் மாதங்களே ஆபத்தானவை. ஆகவே முதல் நான்கு மாதம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, சிரை அடைப்பில் ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை.

பரிசோதிப்பவருக்கு ஒரு குறிப்பு: பாவையை விரிக்கும் சொட்டுப் போடுவதற்கு முன்பே ஐரிஸின் ஓரத்தையும் கோணத்தையும் கோனியோஸ்கோப்பால் பார்க்க வேண்டும். விரித்த பிறகு நுண்ணிய குழாய்கள் மறைந்துவிடும். கண்டால் விழித்திரை முழுவதும் லேசர், கூடவே மேற்சொன்ன ஊசிகளில் ஒன்று.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்த வேண்டுமா?

தாமாக நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்றவை தட்டணுக்களில் ஏற்படுத்தும் மாற்றம் நீங்க 5 முதல் 10 நாள் ஆகும். வார்ஃபரினுக்கு சுமார் 5 நாளும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையும். ஆனால் இதயத்தில் சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கோ செயற்கை வால்வு உள்ளவருக்கோ நிறுத்துவது கண்ணைவிடப் பெரிய ஆபத்து. முடிவு இதய மருத்துவரும் அறுவை செய்பவரும் பேசி எடுக்க வேண்டியது. மீன் எண்ணெய், பூண்டு, ஜிங்கோ மாத்திரைகளையும் சொல்லுங்கள். மருந்துப் பட்டியலில் யாரும் எழுதாததால் இவை தப்பிவிடுகின்றன.

வீட்டுக்குப் போன பிறகு?

கசிவு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான் வரும். சில நாள் கழித்து வருவதும் உண்டு. இரண்டு வாரம் குனிந்து பாரம் தூக்குவது, மலச்சிக்கலில் முக்குவது, வேகமாக இருமுவது வேண்டாம். இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் முன்கூட்டியே மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். மூக்குக் குழி வழியாகவோ எலும்புச் சுவரைத் திறந்தோ அறுவை நடந்திருந்தால் மூக்கைச் சீந்தவே கூடாது: காற்று கண்குழிக்குள் ஒருவழிப் பாதையாக நுழைந்து, ரத்தம் செய்யும் அதே அழுத்தத்தை உண்டாக்கும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். நல்ல கண்ணை மூடிக்கொண்டு அறுவை செய்த கண்ணால் மட்டும் ஒரே காலண்டரைக் காலையும் மாலையும் பாருங்கள். நேற்றுப் படித்த எழுத்து இன்று தெரியவில்லை என்றால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

கத்தி வைக்காமல் ஊசி மூலம் கட்டியைச் சுருக்கினால் இந்த ஆபத்து இல்லையா?

இருக்கிறது, வேறு வழியில். கண்குழிக்குள்ளோ அதைச் சுற்றியோ அழுத்தத்தோடு செலுத்தும் ஸ்டீராய்டுத் துகள்கள் தமனிக்குள் பின்னோக்கி ஓடி மைய விழித்திரைத் தமனியை அடைக்கலாம். அறுவைக்கு முன் கட்டியின் ரத்த ஓட்டத்தைக் குறைக்க வெளிக் கழுத்துத் தமனி வழியாகத் துகள்கள் செலுத்துவதிலும் இதே கதை: மூளை உறைத் தமனிக்கும் கண் தமனிக்கும் சிலருக்கு இயற்கையான இணைப்பு உண்டு, ஆஞ்சியோகிராமில் அதைத் தேடிப் பார்த்துவிட்டே செலுத்த வேண்டும்.

மிச்சக் கட்டி இருக்கிறது, மறுபடி அறுவை என்கிறார்கள். முதல் முறை வந்த சிக்கல் மீண்டும் வருமா?

மறு அறுவையில் தழும்பு எல்லாவற்றையும் ஒட்டவைத்திருக்கும்; குழாய்கள் நகர்ந்து கொடுக்காது, ஆகவே ஆபத்து முதல் முறையைவிடக் கூடுதல். கட்டி தீங்கற்றது, வளரவில்லை, கண்ணில் பயன்படும் பார்வை இருக்கிறது என்றால் ஆறு மாதம் அல்லது ஒரு வருட இடைவெளியில் எம்ஆர்ஐ எடுத்துக் கவனிப்பது மதிக்கத்தக்க முடிவு. அது கோழைத்தனம் அல்ல. மறு கண்ணில் பார்வை இல்லாதவர் என்றால் அந்தக் கவனிப்புக்கு இன்னும் எடை கூடும். அறுவைதான் வழி என்றால், முதல் அறுவையின் குறிப்பேடு, திசுப் பரிசோதனை முடிவு, முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் படங்கள், விழித்திரைப் புகைப்படம், ஓசிடி, ஆஞ்சியோகிராம் எல்லாவற்றையும் வாங்கி எடுத்துச் செல்லுங்கள். எந்தக் குழாய் எப்படி மூடியது என்று தெரிந்தால்தான் அடுத்தவர் வேறு பக்கமாக நுழைவதா, கட்டியின் ஒரு பகுதியை நரம்பின் மேல் விட்டுவைப்பதா என்று முன்கூட்டியே தீர்மானிக்க முடியும்.